தலை, கழுத்துப் புற்றுநோய் எதிர்ப்பு அமைப்பை ஏய்ப்பது எப்படி?

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளையில் புற்றுநோய் வந்தவரைப் பற்றிப் பேசும்போது, "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு, அதான் வந்துடுச்சு" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலான நோயாளிகளுக்கு இது பொருந்தாது. சளி பிடித்தால் மற்றவர்களைப் போலத்தான் அவர்களுக்கும் ஆறுகிறது. கட்டியிலிருந்து எடுத்த பயாப்ஸித் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், புற்றுச்செல்களின் ஓரத்திலும் நடுவிலும் எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக இருப்பது பல கட்டிகளில் தெரியும். வர வேண்டியவை வந்துவிட்டன. ஆனாலும் கட்டி வளர்கிறது. ஏன்?

ஒரே ஒரு தந்திரத்தால் அல்ல. எதிர்ப்புச் செல் ஒரு புற்றுச்செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வதற்கு ஐந்தாறு படிகள் வரிசையாக நடந்தாக வேண்டும். அவற்றில் எந்த ஒன்று அறுந்தாலும் கட்டி பிழைத்துக்கொள்ளும். எந்தப் படி அறுந்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கட்டியின் இரண்டு மூலைகளுக்கு இடையிலும் மாறும். எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் சிகிச்சையான இம்யூனோதெரபி ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் பலன் தர, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ஒன்றுமே செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எந்த நோயைச் சொல்கிறோம்

பெயரில் 'தலை' இருந்தாலும் மூளைக் கட்டி இதில் சேராது. உதடு, வாய், டான்சில், அடிநாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்புறம் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேல்படலத்தில் பிறப்பவையே தலை, கழுத்துப் புற்றுநோய்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற ஒரே வகை. புகையிலை, மது, வெற்றிலை பாக்கு ஆகியவை ஒரு பக்கம் காரணம். எச்பிவி என்ற வைரஸ், குறிப்பாக அதன் 16-ஆம் வகை, இன்னொரு பக்கம். குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்க் கணக்கின் மதிப்பீட்டின்படி 2022-இல் இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய் மட்டுமே புதிதாகச் சுமார் 1.4 லட்சம் பேருக்கு வந்தது. நம் ஊர்க் கதை பெரும்பாலும் கன்னத்தின் உட்புறமும் ஈறும் சேரும் இடத்தில் தொடங்குகிறது. மென்றதை ஒதுக்கி வைக்கும் இடம் அது.

புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே பாக்கைத் தனியாகப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது.

செல்லுக்கு உள்ளே நடப்பது வெளியே எப்படித் தெரிகிறது

எதிர்ப்பு அமைப்பின் முக்கியக் கொலையாளி சிடி8 டி செல். அது எந்தச் செல்லின் உள்ளேயும் போய்ப் பார்ப்பதில்லை. செல்களே தங்கள் உள்விவரத்தை வெளியே காட்டியாக வேண்டும் என்பது உடலின் ஏற்பாடு.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரோட்டீன்கள் ஓயாமல் உருவாகின்றன, வேலை முடிந்ததும் உடைக்கப்படுகின்றன. உடைப்பது புரோட்டியாசோம் என்ற அமைப்பு. உடைந்த துண்டுகளை டாப் என்ற கடத்தி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற செல்லின் உள்ளறைக்குள் தள்ளுகிறது. அங்கே அவற்றில் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ளவை எச்எல்ஏ என்ற தாங்கியின் பள்ளத்தில் பொருத்தப்படுகின்றன. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரோட்டீன் கூட இருந்தால்தான் இந்தத் தாங்கி நிலைத்து நிற்கும். பிறகு தாங்கியும் துண்டும் சேர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. ரேஷன் கடை வாசலில் இருப்பு விவரம் எழுதி மாட்டிய பலகை மாதிரி: உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே நின்றே படித்துக்கொள்ளலாம். வழக்கமான சரக்கு மட்டும் இருந்தால் டி செல் நகர்ந்துவிடும். மரபணு கெட்டுப்போனதால் உருவான புதுப் புரோட்டீனின் துண்டோ, வைரஸின் துண்டோ பலகையில் இருந்தால், அதை அடையாளம் காணும் டி செல் ஏதோ ஒன்று உடலில் எங்காவது இருக்கும்.

'எங்காவது' என்பதுதான் அடுத்த சிக்கல். அந்த ஒரு டி செல்லைத் தேடிப் பிடித்துப் பழக்கிப் பெருக்க வேண்டும். கட்டியில் செத்து விழுந்த புற்றுச்செல்களின் மிச்சத்தை டென்ட்ரிடிக் செல் என்ற தூதுவச் செல் விழுங்கிக்கொண்டு, நிணநீர் வழியாகக் கழுத்திலுள்ள கணுக்களுக்குப் போகிறது. தொண்டை வலித்தால் தாடைக்கு அடியில் நெறி கட்டுகிறதே, அதே கணுக்கள்தாம். அங்கே டி செல்லுக்கு மூன்று சைகைகள் கிடைக்க வேண்டும்: துண்டைப் பார்த்ததற்கான சைகை, சிடி28 வழியாக வரும் 'உண்மைதான், புறப்படு' என்ற சைகை, இன்டர்லூகின்-12 போன்ற ஊக்கி ரசாயனங்கள். மூன்றும் கிடைத்த டி செல் பல்லாயிரமாகப் பெருகி, ரத்தத்தில் ஏறி, கட்டியைத் தேடி வந்து, உள்ளே நுழைந்து, பலகையை மறுபடி படித்து, பெர்ஃபோரின் என்ற பொருளால் புற்றுச்செல்லில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியைச் செலுத்திக் கொல்லும்.

புகையிலையால் வரும் கட்டிகளில் மரபணுப் பிழைகள் ஏராளம். பலகையில் அந்நியத் துண்டுகளும் அதற்கேற்ப அதிகம். எளிதில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய கட்டிகள் இவை. பல செல்கள் மாட்டிக்கொள்ளவும் செய்கின்றன. அந்த ஆரம்ப மோதல்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. டாக்டர் கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்த கட்டி என்பது, பல வருட வடிகட்டலில் தப்பிப் பிழைத்த செல்களின் வாரிசு. ராபர்ட் ஷ்ரைபரும் சகாக்களும் 2002-இல் இதை மூன்று கட்டமாக வகுத்தார்கள்: அழித்தல், இழுபறி, தப்பித்தல். எதிர்ப்பு அமைப்பு நிஜமாகவே காவல் காக்கிறது என்பதற்கு ஒரு நேரடிச் சான்றும் உண்டு. சிறுநீரக மாற்று போன்ற சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கு உதட்டுப் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது.

பலகையைக் கழற்றுவது

மிக எளிய தந்திரம், காட்டாமல் இருப்பது. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பின்னால் மருந்துகளைப் பற்றிய எதுவும் புரியாது.

முதல் வகை நிரந்தர இழப்பு. எச்எல்ஏ மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன; அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு. புற்றுச்செல் இதில் ஒரு தொகுப்பை அப்படியே தொலைத்துவிடலாம். ஆபத்தான துண்டைக் காட்டிக்கொண்டிருந்த தாங்கி போய்விடும்; மற்றது மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை இருக்கிற மாதிரியே தெரியும், மாட்டிவிடக்கூடிய வரி மட்டும் இருக்காது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் மரபணு 15-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் இரண்டு பிரதிகளும் கெட்டால் எல்லாப் பலகைகளும் ஒரேயடியாகப் போய்விடும். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 279 தலை, கழுத்துக் கட்டிகளை அலசி 2015-இல் வெளியிட்ட ஆய்வில் எச்எல்ஏ-ஏ, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் இரண்டிலும் இத்தகைய பிழைகள் பதிவாயின. எழுத்தே அழிந்துபோன மரபணுவை எந்த மருந்தும் திருப்பி எழுத முடியாது.

இரண்டாவது வகை அடக்கி வைத்தல். மரபணு நன்றாகவே இருக்கும், வேலை செய்யாது. தலை, கழுத்துக் கட்டிகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. பத்தில் எட்டு ஒன்பது கட்டிகளில் ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சி ஏற்பி அளவுக்கு மீறி இருக்கும். அது செல்லை வளரச் சொல்வதோடு நிற்பதில்லை. ஷிப்2 என்ற நொதியைத் தூண்டுகிறது. ஷிப்2 போய் ஸ்டாட்1 என்ற சைகைப் புரோட்டீனை அணைக்கிறது. ஸ்டாட்1 அணைந்தால் டாப் கடத்தியும் எச்எல்ஏவும் குறைகின்றன. ஆக, வளர்வதற்கான சுவிட்சே ஒளிவதற்கான சுவிட்சாகவும் வேலை செய்கிறது. ஆனால் இதைத் திருப்பலாம். ஈஜிஎஃப்ஆரைத் தடுத்தாலோ, டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற ரசாயனம் போதிய அளவு கிடைத்தாலோ பலகைகள் மறுபடி மேலே வரும்.

பலகையே இல்லாவிட்டால் சந்தேகம் வராதா?

வரும். அதற்கென்றே என்கே செல்கள் இருக்கின்றன. டி செல் பலகையில் தப்பான வரியைத் தேடுகிறது. என்கே செல்லோ பலகையே இல்லாத செல்லைத் தேடுகிறது. ஸ்வீடனின் கிளாஸ் கார்ரே 1980-களில் முன்வைத்த கருத்து இது.

அப்படியானால் எச்எல்ஏவைத் தொலைத்த கட்டி என்கே செல்லிடம் சிக்க வேண்டுமே? சிக்காமலிருக்கச் சில வழிகள் வைத்திருக்கிறது. எல்லாப் பலகையையும் கழற்றாமல் சிலவற்றை மட்டும் கழற்றுவது ஒன்று. எச்எல்ஏ-ஈ என்ற தனி வகைத் தாங்கியை அதிகமாக வைத்துக்கொள்வது இன்னொன்று; என்கே செல்லின் என்கேஜி2ஏ என்ற ஏற்பியைத் தொட்டு 'ஒன்றுமில்லை, போ' என்று சொல்வது அதன் வேலை. மூன்றாவது இன்னும் நுட்பமானது. நெருக்கடியில் இருக்கும் செல்கள் மைக்-ஏ என்ற புரோட்டீனை மேற்பரப்பில் காட்டி என்கே செல்லைக் கூப்பிடும். புற்றுச்செல் அதைக் கத்தரித்து ரத்தத்தில் மிதக்கவிட்டுவிடுகிறது. மிதக்கும் துண்டுகள் என்கே செல்லின் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ள, நிஜமான அழைப்பு அதற்குக் கேட்காமல் போகிறது.

என்கேஜி2ஏவைத் தடுக்கும் மோனலிசுமாப் என்ற மருந்தை, ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் செடுக்ஸிமாபுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். காகிதத்தில் அழகான யோசனை. மூன்றாம் கட்ட ஆய்வான இன்டர்லிங்க்-1 பலன் தெரியாததால் 2022-இல் நிறுத்தப்பட்டது. ஒரு பூட்டைத் திறந்தால் போதும் என்று நம்பி இறங்கியவர்கள் இந்தத் துறையில் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

வந்தவனை நிறுத்தும் பிரேக்

அதிகம் பேசப்படுவது இந்தப் படிதான், ஏனென்றால் மருந்து இருப்பது இங்கே. டி செல்லின் மேற்பரப்பில் பிடி-1 என்ற ஏற்பி உண்டு. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் இதை 1992-இல் கண்டுபிடித்தது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படுத்திக் காட்டியவர் ஜேம்ஸ் ஆலிசன். இருவருக்கும் சேர்த்து 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடி-1 புற்றுநோய்க்காக உருவானதல்ல. தொற்று ஒன்று முடிந்த பிறகும் டி செல்கள் தாக்கிக்கொண்டே இருந்தால் நல்ல திசுவும் அழியும். அதனால் திசுக்கள் பிடி-எல்1 என்ற புரோட்டீனைக் காட்டி டி செல்லின் வேகத்தைக் குறைக்கின்றன. இரண்டும் ஒட்டியதும் டி செல்லுக்கு உள்ளே ஷிப்2 வந்து, தூண்டும் சைகைகளை அணைக்கிறது. ஆம், மேலே பார்த்த அதே ஷிப்2. புற்றுச்செல்லுக்குள் இருந்தால் பலகையை இறக்குகிறது, டி செல்லுக்குள் இருந்தால் கையைக் கட்டுகிறது.

கட்டிக்குப் பிடி-எல்1 இரண்டு வழியில் வருகிறது. சில கட்டிகளில் அதன் மரபணு இருக்கும் 9-ஆம் குரோமோசோம் பகுதியே பல பிரதிகளாகப் பெருகியிருக்கும், அல்லது ஈஜிஎஃப்ஆர் போன்ற உள் சைகைகள் அதை எப்போதும் எரியவிடும். இன்னொரு வழி விசித்திரமானது. தாக்க வரும் டி செல் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கிறது. புற்றுச்செல் அதை உணர்ந்து, ஜாக்-ஸ்டாட் என்ற பாதை வழியாகப் பிடி-எல்1ஐ மேலே கொண்டுவருகிறது. தாக்குதலே கேடயத்தை வரவழைக்கிறது. ஆகவே இந்த வகைக் கட்டியில் பிடி-எல்1 நிறைய தெரிந்தால், டி செல் அங்கே வந்து முயன்று பார்த்திருக்கிறது என்று பொருள். கேட்கத் தலைகீழாக இருந்தாலும், மருந்துக்கு இது நல்ல செய்தி.

மாதக்கணக்கில் இப்படி நின்றால் டி செல் களைத்துவிடுகிறது. பிடி-1 மட்டுமல்லாமல் டிம்-3, லாக்-3 என்று மேலும் பிரேக்குகள் ஏறுகின்றன. மரபணுக்கள் மடிக்கப்பட்டிருக்கும் விதமே மாறி, களைப்பு நிரந்தரமாகிறது. அந்த நிலைக்குப் போன செல்லை மருந்தால் எழுப்ப முடிவதில்லை. மருந்துக்கு எழுவது, இன்னும் முழுதாகக் களைக்காத, டிசிஎஃப்1 என்ற காரணி மிஞ்சியிருக்கும் இளம் செல்கள்தாம். அவற்றின் முக்கிய இருப்பிடங்களில் ஒன்று கட்டிக்குப் பக்கத்திலுள்ள நிணநீர்க் கணு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

சுற்றுப்புறத்தை விலைக்கு வாங்குவது

கட்டி என்பது புற்றுச்செல்களின் குவியல் மட்டும் அல்ல. பாதி இடத்தை வேறு செல்கள் பிடித்திருக்கலாம், அவற்றில் பல கட்டியின் பக்கம் சாய்ந்தவை. உடலின் சொந்தத் திசுவைத் தாக்காமல் தடுப்பதற்கென்று இருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இங்கே வந்து குவிந்து, பக்கத்திலுள்ளவற்றையும் அடக்குகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து முதிராமல் வந்த மைலாய்ட் செல்கள் ஆர்ஜினேஸ் என்ற நொதியை வெளியிட்டு, டி செல் பெருகத் தேவையான ஆர்ஜினினைக் காலி செய்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் விழுங்கும் வேலையை விட்டுவிட்டுப் புண் ஆற்றும் வேலைக்கு மாறி, ரத்தக்குழாய் வளர உதவுகின்றன. ஆக்சிஜன் குறைந்த மூலைகளில் லாக்டிக் அமிலமும் அடினோசினும் சேர்கின்றன. இரண்டும் டி செல்லை மந்தமாக்குபவை. காக்ஸ்-2 நொதி உண்டாக்கும் பிராஸ்டாகிளாண்டின் ஈ2 டென்ட்ரிடிக் செல்லின் முதிர்ச்சியைக் கெடுக்கிறது. மூட்டுவலிக்குத் தரும் செலிகாக்ஸிப் தடுப்பது இதே நொதியைத்தான்.

பாக்கு மெல்பவர்களிடம் ஒரு தனிக் கோணம் உண்டு. வருடக்கணக்கில் பாக்கு பட்ட கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காமல் போகும். மருத்துவத்தில் இது சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ். இந்த இறுக்கத்தின் பின்னால் முக்கியமாக நிற்பது டிஜிஎஃப்-பீட்டா என்ற ரசாயனம். நாரை வளர்ப்பதோடு டி செல்லின் கொல்லும் திறனை அடக்கவும் அது வல்லது. நார் அடர்ந்த கட்டிகளில் டி செல்கள் ஓரத்திலேயே தேங்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் வெளிவட்டத்தில் நெருக்கடியும் நடுவில் வெறிச்சோடலுமாகத் தெரியும். உள்ளே போகாத செல்லின் பிரேக்கை எடுத்து என்ன பயன்?

கடைசிப் படியில் தப்பிப்பது

டி செல் வந்தது, படித்தது, பிரேக்கும் இல்லை, தாக்கியும்விட்டது. அப்போதும் சாகாமல் இருக்க ஒரு வழி உண்டு. செல் இறப்பதற்கான கட்டளைகளில் ஒன்று ஃபாஸ் போன்ற ஏற்பிகள் வழியாக வந்து காஸ்பேஸ்-8ஐ அடைகிறது. காஸ்பேஸ்-8 மரபணு கெட்டிருந்தால் அந்தக் கட்டளை உள்ளே போய்ச் சேராது. பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பின் இந்தியக் குழு 2013-இல் வெளியிட்ட, ஈறு-கன்னப் புற்றுநோய் பற்றிய ஆய்வில் அடிக்கடி கெட்டுப்போயிருந்த மரபணுக்களில் காஸ்பேஸ்-8 ஒன்று. இந்தியாவில் அதிகம் வரும் கட்டி வகையில் இந்தப் படி தனிக் கவனத்துக்கு உரியது என்பது எங்கள் கருத்து.

வைரஸால் வந்தது வேறு நோய்

டான்சில், அடிநாக்கில் வரும் எச்பிவி கட்டிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகுதி, இந்தியாவில் குறைவு. அவற்றின் ஏய்ப்பு முறையும் வேறு. வைரஸ் டான்சிலின் ஆழமான குழிகளில் குடியேறுகிறது. அந்தக் குழிகளின் உட்படலம் இயல்பிலேயே பிடி-எல்1 காட்டுவது. சாப்பாட்டோடு தினமும் வந்து விழும் கிருமிகளுக்கெல்லாம் அங்கே அழற்சி வந்துகொண்டிருக்கக் கூடாதல்லவா? வைரஸுக்கு அது தோதான இடமாகிவிடுகிறது. எச்பிவி செல்லை வெடிக்கச் செய்வதில்லை, ரத்தத்திலும் பரவுவதில்லை; சத்தமில்லாமல் இருக்கிறது. செல் கட்டுமீறி வளராமல் தடுக்கும் இரண்டு புரோட்டீன்களில் பி53ஐ அதன் ஈ6 புரோட்டீனும், ஆர்பியை ஈ7 புரோட்டீனும் முடக்குவது துறையில் எல்லாரும் அறிந்தது. அதற்கு மேல் ஈ7, செல்லுக்குள் அந்நிய டிஎன்ஏ வந்தால் எச்சரிக்கும் ஸ்டிங் பாதையையும் தடுக்கிறது. ஈ5 எச்எல்ஏவை மேலே வரவிடாமல் உள்ளேயே நிறுத்துகிறது.

ஆனால் ஈ6, ஈ7 இரண்டையும் கைவிட முடியாதது இந்தக் கட்டியின் பலவீனம். அவை இல்லாவிட்டால் அது வளராது. இருந்தால் டி செல்லுக்கு நிரந்தர இலக்கு. இந்தக் கட்டிகளில் டி செல்கள் அதிகம் இருப்பதும், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்பதும் இதனோடு பொருந்துகிறது. 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு ஸ்டேஜிங் (நோயின் கட்டத்தை வகுக்கும்) விதிகள், எச்பிவியின் அடையாளமான பி16 சோதனையில் பாசிட்டிவ் ஆன டான்சில், அடிநாக்குக் கட்டிகளுக்குத் தனி அட்டவணையே போட்டுவிட்டன.

தென்சீனாவிலும், இந்தியாவில் நாகாலாந்து போன்ற வடகிழக்குப் பகுதிகளிலும் அதிகமாகக் காணப்படும் மூக்குப்பின் தொண்டைப் புற்றுநோய் இபிவி (எப்ஸ்டீன்-பார்) வைரஸோடு தொடர்புடையது. அதன் எப்னா1 புரோட்டீனில் கிளைசின், அலனின் என்ற இரண்டே அமினோ அமிலங்கள் மாறி மாறி வரும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. அது புரோட்டியாசோமுக்கு எளிதில் அரைபடாது. பலகைக்குப் போக வேண்டிய துண்டு உருவாவதே குறைந்துவிடுகிறது.

ரிப்போர்ட்டில் வரும் அந்த எண்

பரவிவிட்ட அல்லது திரும்பி வந்த நோயில் டாக்டர் 'பிடி-எல்1 சிபிஎஸ்' என்று ஒரு சோதனை எழுதுவார். கணக்கு எளிது: பிடி-எல்1 சாயம் பிடித்த புற்றுச்செல்கள், லிம்போசைட்டுகள் (டி செல் போன்றவை), மேக்ரோஃபேஜ்கள் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தப் புற்றுச்செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். 200 புற்றுச்செல்களில் 30-க்குச் சாயம் பிடித்து, கூடவே 14 எதிர்ப்புச் செல்களுக்கும் பிடித்திருந்தால் 44 வகுத்தல் 200, அதாவது சிபிஎஸ் 22. நூறுக்கு மேல் வந்தாலும் 100 என்றே எழுதுவார்கள். இது சதவீதம் அல்ல. "22 சதவீதம் புற்றுநோய்" என்று வீட்டார் பயப்படுவது உண்டு; நோயின் அளவுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

எண் தப்பாக வர வழிகள் பல. துண்டில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச்செல்கள் இல்லாவிட்டால் சோதனை செல்லாது. நியூட்ரோஃபில்களையும் பிளாஸ்மா செல்களையும் சேர்த்து எண்ணிவிட்டால் எண் கூடும். செத்து அழுகிய பகுதியில் சாயம் கண்டபடி பிடிக்கும். பல மாதம் கிடந்த ஸ்லைடில் சாயம் மங்கும். எல்லாம் சரியாக நடந்தாலும், கட்டியின் ஒரு மூலையில் 5, மறு மூலையில் 30 என்று இருப்பது சாத்தியமே. ஒரு பயாப்ஸியில் ஒன்றுக்குக் குறைவு என்று வந்தால், வேறு இடத்துத் துண்டோ அறுவையில் எடுத்த கட்டியோ இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

மருந்து எதைத் திறக்கிறது, எதைத் திறப்பதில்லை

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் பிடி-1ஐத் தடுப்பவை. அவ்வளவுதான் அவற்றின் வேலை. பலகை இல்லாததையோ, டி செல் நுழையாததையோ, காஸ்பேஸ்-8 கெட்டதையோ அவற்றால் நேரடியாகச் சரிசெய்ய முடியாது. 361 பேரைக் கொண்டு 2016-இல் வெளியான செக்மேட்-141 ஆய்வில், பிளாட்டினம் கீமோவுக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் நிவோலுமாபில் 36 சதவீதம், வழக்கமான மருந்துகளில் 16.6 சதவீதம். கட்டி சுருங்கியது 13.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. 2019-இல் வந்த கீநோட்-048 ஆய்வில் 882 பேர். முதல் சிகிச்சையாகப் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களில் கட்டி சுருங்கியது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு. செடுக்ஸிமாபோடு கீமோ பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். ஆனால் சுருங்கியது அப்படியே நீடித்த காலம் முன்னவர்களுக்கு சுமார் 20 மாதம், பின்னவர்களுக்கு 4, 5 மாதம். சிபிஎஸ் 20-ஓ அதற்கு மேலோ இருந்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் பெம்ப்ரோலிசுமாபில் 14.9 மாதம்; ஒப்பீட்டுக் குழுவில் 10.7. குறைவான பேருக்கு, ஆனால் நீண்ட பலன்: அறுந்த படி எதுவென்று யோசித்தால் இது வியப்பாக இருக்காது.

விலைதான் இங்கே பெரிய தடை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதை வேறு விதமாக அணுகியது. நிவோலுமாபை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து, கூடவே வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து, தினம் இருவேளை செலிகாக்ஸிப் 200 மில்லிகிராம், தினம் எர்லோடினிப் 150 மில்லிகிராம் சேர்த்தார்கள். 151 பேரில் நடந்த இந்த ஆய்வில், நிவோலுமாப் சேராத குழுவில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், சேர்ந்த குழுவில் 43.4 சதவீதம். டி செல்லின் பிடி-1 ஏற்பிகளை நிரப்ப வழக்கமான அளவைவிட மிகக் குறைந்த மருந்தே போதும் என்பது இதன் அடிப்படை. கூட்டு மருந்துகளைக் கவனித்தால், செலிகாக்ஸிப் காக்ஸ்-2ஐயும் எர்லோடினிப் ஈஜிஎஃப்ஆரையும் தடுப்பவை. இரண்டுமே நாம் மேலே பார்த்த ஏய்ப்பு வழிகள். ஆய்வின் வடிவமைப்பு அதை நிரூபிக்கவில்லை. யோசிக்க இடம் தருகிறது.

பிரேக்கை எடுத்தால் நல்ல திசுவும் அடிவாங்கும் என்பதை மறக்கக் கூடாது. தைராய்டு மந்தமாவது சாதாரணம். புதிதாக மூச்சுத்திணறலோ, நிற்காத வயிற்றுப்போக்கோ வந்தால் சளி மருந்து, ஓஆர்எஸ் என்று நாளைக் கடத்தாமல் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கே போக வேண்டும்; நுரையீரல், குடல் அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்குவது தாமதமானால் உயிருக்கே ஆபத்து. 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று விற்கும் பொடிகள் மேலே சொன்ன எந்தப் படியையும் சரிசெய்வதாக யாரும் காட்டியதில்லை. தொலைந்த எச்எல்ஏ மரபணுவுக்கு எந்தக் கஷாயமும் இல்லை. இம்யூனோதெரபியில் இருக்கும்போது அப்படி ஏதாவது சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கல்லீரல் என்சைம் ஏறினால் காரணம் மருந்தா பொடியா என்று தெரியாமல், பலன் தரும் மருந்தை நிறுத்த வேண்டி வரலாம்.

எப்போது கொடுப்பது

பெரிய கட்டிகளுக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துத் தரும்போது கூடவே பிடி-எல்1, பிடி-1 தடுப்பு மருந்தையும் தந்தால் நல்லது என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். அவெலுமாபை வைத்து நடந்த ஜாவலின்-100, பெம்ப்ரோலிசுமாபை வைத்து நடந்த கீநோட்-412 ஆகிய இரண்டு பெரிய ஆய்வுகளும் வெற்றி காட்டவில்லை. சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று கழுத்துக் கணுக்களைப் பற்றியது: நோய் பரவியிருக்குமோ என்று கழுத்தின் இரு பக்கமும் கதிர்வீச்சு தரப்படுகிறது, இளம் டி செல்கள் குடியிருப்பது அங்கேதான், லிம்போசைட்டுகள் மிகக் குறைந்த கதிர்வீச்சிலேயே சாகின்றன. எழுப்ப வேண்டிய செல்களைக் கொன்றுகொண்டே எழுப்பும் மருந்தைக் கொடுத்ததாக ஆகிறது.

கீநோட்-689 ஆய்வு வரிசையை மாற்றியது. கட்டியும் கணுக்களும் உள்ளே இருக்கும்போதே, அறுவைக்கு முன் பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம் இரண்டு முறை, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சும் தேவைப்பட்டவர்களுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோவும், அதோடு தொடங்கி மேலும் 15 முறை அதே மருந்து. 714 பேரில் நடந்த இந்த ஆய்வில், பாதிப் பேருக்கு நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்த காலம் வழக்கமான சிகிச்சையில் 30.4 மாதம், இந்த முறையில் 51.8 மாதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 ஜூனில் சிபிஎஸ் ஒன்றும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்த முறைக்கு அனுமதி தந்தது. ஆகவே அறுவை செய்யக்கூடிய, ஓரளவு முற்றிய கட்டி என்றால் சிபிஎஸ் சோதனையைக் கத்தி படுவதற்கு முன்பே, முதல் பயாப்ஸித் துண்டிலேயே செய்யச் சொல்ல வேண்டும். கட்டியை எடுத்த பிறகு கேட்டால் அறுவைக்கு முந்தைய அந்த இரண்டு டோஸுக்கு வாய்ப்பு போயிருக்கும்.